நாற்பத்தொன்றாம் எண் படுக்கை

அம்புக்குறியைத்தான் முதலில் பார்த்தேன். பச்சைச் சாக்பீஸ் கோடு, செவ்வகத்தின் தலைமாட்டு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி வெளியே போகிறது. ஏதோ குழந்தை கிறுக்கியிருக்கும் என்று நினைத்து டேப்பை இழுத்துக் குனிந்து அளந்தேன், நீளம் ஐந்தடி நாலங்குலம், அகலம் இரண்டடி இரண்டங்குலம், அட்டையில் எழுதினேன், மேலே எண் நாற்பத்தொன்று என்று போட்டேன், நாற்பத்திரண்டுக்கு நகர்ந்தும் விட்டேன். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் பிடரியில் ஏதோ சில்லென்றது. திரும்பி வந்தேன். அம்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஐந்து என்று எழுதியிருக்கிறது. ஐந்து என்றால் என்ன, ஐந்தாம் மாடியா, ஐந்து பேரா, இல்லை, மணி, காலை ஐந்து மணி, அந்த நேரத்தில் அந்தத் திசையைப் பார்த்து யாரோ நிற்கிறார்கள், அதற்குள் இந்தப் படுக்கை சுருட்டப்பட்டாக வேண்டும். கிப்லா. இது கிப்லா. ஹாங்காங்கின் சென்ட்ரலில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டிகளை நிறுத்திவிட்ட சேட்டர் ரோட்டின் நடுவில், பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, மாதாகோயிலுக்குப் போகிற ஒரு பிலிப்பினோ பெண் தன் படுக்கையை வரைந்து அதன் தலைமாட்டில் மக்காவின் திசையைக் குறித்துவைத்திருக்கிறாள். இருக்கட்டும். அதனால் என்ன. இந்த ஊரில் முஸ்லிம் வீடுகளுக்கா பஞ்சம், பாகிஸ்தானி வீடு இருக்கிறது, குஜராத்தி வீடு இருக்கிறது, எங்கள் காயல்பட்டினத்துக்காரர்களே எத்தனை குடும்பம், எல்லோர் வீட்டிலும் வீட்டுவேலைக்கு ஆள் இருக்கிறது, எல்லோர் வீட்டு ஹாலிலும் ஒரு அம்பு ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டு அம்பும் பச்சைதான். எல்லா அம்பும் பச்சைதான்.

என்னுடைய யோசனைதான் இது, முழுக்க என்னுடையது, அதை யாரும் மறுக்க முடியாது. வீட்டுவேலைக்கு வந்தவர்கள் முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்று இரண்டாயிரத்து மூன்றில் கட்டாயமாக்கினார்களே, எங்கே தங்குகிறார்கள் என்று ஒருத்தன் கேட்டானா, குளிரூட்டிய அறைகளில் உட்கார்ந்து கட்டுரை வாசிக்கிறோம், 'தகுந்த தங்குமிடம்', 'நியாயமான அந்தரங்கம்', வார்த்தை, வெறும் வார்த்தை, தரையில் வரைந்து காட்டுவோம், உண்மையான அளவில், ஒவ்வொருத்தியும் தான் படுக்கிற இடத்தை அப்படியே, எதிரே இருக்கிற வங்கிக் கட்டடத்துக்காரன் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கட்டும் என்று நான்தான் பணிப்பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் சொன்னேன். சங்கத் தலைவி ஆத்தே பெர்லித்தா, ஆத்தே என்றால் அவர்கள் பேச்சில் அக்கா, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "இந்தப் பொண்ணு வக்கீலாப் போயிருக்கணும்" என்றாள். ஏற்பாடு எளிமையானது. காலையில் பெண்கள் வந்து வரைந்துவிட்டுக் கூட்டத்தோடு கலந்துவிட வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். அவளுடைய ஒப்பந்தத்தில் தங்குமிடம் என்று என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு சீட்டில் எழுதி, படத்தின் மேல் கல் வைத்துப் போக வேண்டும். எங்களைப் போன்ற தொண்டர்கள் அளந்து எழுதிக்கொள்வோம். இரண்டு மணிக்கு மைக்கில் வாசிப்போம், ஒப்பந்தத்தில் இருப்பது இது, தரையில் இருப்பது இது. வாசித்து முடித்ததும் ஆத்தே பெர்லித்தா "யாருடையது?" என்று கேட்பாள், துணிச்சல் இருக்கிறவள் கையைத் தூக்குவாள். அந்தக் கைதூக்குவதும் என் யோசனை. ஐம்பத்து மூன்று படங்கள். எனக்கு ஒதுக்கியது ஒன்றிலிருந்து முப்பது. ஆனால் அந்தப் பக்கம் வெயில் மண்டையைப் பிளந்தது, இந்தப் பக்கம் கட்டட நிழல், இங்கே அளந்துகொண்டிருந்த மாணவியிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டு வந்தேன். வராமல் இருந்திருக்கலாம். முப்பதோடு நின்றிருந்தால் என் பாட்டுக்கு மைக்கில் ஏறிக் கத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய், நிம்மதியாக, என்ன நிம்மதி, யாருக்கு நிம்மதி.

படத்தில் வேறு என்னென்ன இருக்கிறது, பதறாமல் பார், ஆதாரம் வேண்டும், ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வரக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நீ. கால்மாட்டில் ஒரு சதுரம், அதற்குள் கதவும் கைப்பிடியும், குளிர்சாதனப் பெட்டி. ஹாலில் குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பது இந்த ஊரில் பாதிப் பேர், சமையலறையில் ஒரு ஆள் நின்றாலே இடிக்கும், அது ஆதாரமில்லை. இடப்பக்கம் செருப்பு அடுக்கு, அதுவும் இல்லை. வலப்பக்கம் சுவர். தலைமாட்டுக்கு மேலே கனமான கோட்டில் இன்னொரு சதுரம், நடுவில் ஒரு வட்டம், வட்டத்தில் சக்கரம் மாதிரி கைப்பிடி, அது இரும்புப் பெட்டி, அதன் மேல் குச்சிகுச்சியாக, இரண்டு கிண்ணம் தொங்க, ஒரு தராசு. வாப்பா வியாபாரத்துக்கு ரத்தினக்கல் நிறுக்கிற தராசு. நீலக்கல்லும் பூனைக்கண்ணும் நிறுக்கிற, அரைக் குண்டுமணிக்கு ஆடிப்போகிற தராசு, சின்னப் பிள்ளையில் நான் அதன் மேல் தும்மிவிட்டு அடி வாங்கியிருக்கிறேன். கிப்லா அம்பும் கல் தராசும் ஒரே ஹாலில் இருக்கிற வீடு எத்தனை இருக்கும். இருக்கும், பத்துப் பதினைந்து இருக்கும், ஹாஜா மாமா வீடு இல்லையா, ஆனால் ஹாஜா மாமா வீட்டில் வேலைக்கு இருப்பவள் இந்தோனேசியா, அவள் இங்கே வரமாட்டாள், விக்டோரியா பார்க்குக்குப் போவாள், அவர்கள் கூடுவது அங்கே. இந்த ஊரின் ஜோர்டான் பகுதியில், பதினோராவது மாடியில், நானூற்று எண்பது சதுர அடியில், வாப்பா உம்மாவுக்கு ஒரு அறை, எனக்கும் தங்கை நஸ்ரினுக்கும் அடுக்குக் கட்டில் போட்ட ஒரு அறை, மிச்சம் ஒரு ஹால். இது எங்கள் வீடு. நான் எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறேன். சாலை நடுவில், டேப்போடு, எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறேன். அப்படியானால் இதை வரைந்தது எர்லிண்டா, எங்கள் வீட்டில் வேலைக்கு இருப்பவள். அவள் இப்போது மாதாகோயிலில் பாடிக்கொண்டிருக்க வேண்டுமே. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் கோயிலில் பாட்டுக் குழுவில் இருக்கிறாள், அப்படித்தானே, அப்படி யார் சொன்னது, அவளா சொன்னாள், இல்லை, உம்மா சொன்னது, "லிண்டா கோயிலுக்குப் போயிட்டா, நீ கொஞ்சம் பாத்திரத்தைப் போடு புள்ளே", நாங்களாகவே வைத்துக்கொண்டதுதான். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று ஒரு குரல் எனக்குள்ளேயே கேட்கிறது, நல்ல வாதத் திறமையுள்ள குரல், என் குரல்தான். அவள் ஹாலில் படுக்கிறாள் என்பது உனக்குத் தெரியாதா, தெரியும். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன் எழுந்து படுக்கையைச் சுருட்டுவாள் என்பது தெரியாதா, தெரியும், உம்மா தொழுவதற்கு வீட்டில் வேறு இடம் இல்லை. அதைப் பற்றி உம்மாவுக்குப் பெருமைகூட உண்டு, "நம்ம தொழுகிற எடத்துலயே படுக்க வச்சிருக்கோம், எந்த வீட்ல செய்வா, பரக்கத்தான எடம்" என்று மாமிகளிடம் சொல்லும், மாமிகளும் தலையை ஆட்டுவார்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து இறால் வாடா தின்றிருக்கிறேன். எல்லாம் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்றே ஒன்று. செவ்வகத்துக்குள்ளே, இடுப்பு வருகிற இடத்தில், நான்கு சின்ன வட்டங்கள். அளக்கும்போதே பார்த்தேன், என்னவென்று புரியவில்லை. குழாய் போகிற ஓட்டைகளா, படுக்கைக்கு நடுவில் எப்படி ஓட்டை இருக்கும். பூந்தொட்டியா, எங்கள் வீட்டில் பூந்தொட்டி கிடையாது. நான்கும் ஒரே அளவு, சதுரமாக நிற்கின்றன, ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி. பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸில் 'இரண்டு முதல் ஐந்து வரை' என்று எண்ணால் எழுதியிருக்கிறது. இரண்டு முதல் ஐந்து. ஐந்து தொழுகை. இரண்டு என்ன. இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது எங்கள் வீட்டில், ஒன்றும் நடக்கவில்லையே, வாப்பா பத்துக்கே படுத்துவிடும், நஸ்ரின் ஒன்பதரைக்கு, நான் சாப்பாட்டு மேசையில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பேன், எழுதி முடித்து விளக்கை அணைத்துவிட்டுப் போவேன், எப்போது போவேன், ஒன்றரை, இரண்டு. நாற்காலி. அது நாற்காலி. நான்கு கால்கள். என் நாற்காலியின் நான்கு கால்கள் அவளுடைய படுக்கைக்குள் நிற்கின்றன.

யாரோ கரோக்கி மெஷினைச் சோதித்துப் பார்க்கிறார்கள், கொய்ங் என்கிறது. அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி நகம் வெட்டிவிடுகிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், ஒருத்தி செல்போனில் பிள்ளையை அதட்டுகிறாள், வினிகர் போட்ட இறைச்சி மணக்கிறது, எல்லாம் அப்படியே நடக்கிறது, எனக்கு மட்டும் தரை ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தாலும் மனம் போடுகிறது. ஆய்வேடு தொடங்கி இரண்டு வருஷம். வாரத்தில் ஆறு நாள். இரண்டிலிருந்து ஐந்து. மூன்று மணி நேரம். தலைப்பு என்ன தெரியுமா, ஓய்வுக்கான உரிமை, ஹாங்காங்கின் பிலிப்பினோ வீட்டுப் பணிப்பெண்களின் இயக்கங்கள். அறுபத்தைந்தில் கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டத்தில் முதலில் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் பிலிப்பினோக்கள் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினேன். எண்பதுகளில் சொந்த நாட்டு அரசாங்கமே சம்பளத்தில் பாதியை வங்கி வழியாகத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிக்கமாட்டோம் என்று உத்தரவு போட்டபோது இந்த ஊர்ப் பெண்கள் சேர்ந்து நின்று எதிர்த்து அதை இல்லாமல் செய்ததை எழுதினேன், எழுதும்போது அழுதேன்கூட, எனக்குச் சட்டென்று அழுகை வரும். எண்பத்தேழில் வந்த விதி, வேலை போனால் பதினாலு நாளில் ஊரைவிட்டுப் போ என்கிற விதி, அதற்கு ஒரு முழு அத்தியாயம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தக் கூட்டத்தை இங்கிருந்து கிளப்பி நிலத்தடி வண்டி நிறுத்துமிடத்துக்குள் தள்ளிவிடலாமே என்று சில பேர் கேட்டார்களாம், அதற்கு என்ன ஆவேசமாக அடிக்குறிப்பு போட்டேன். நான் ஆவேசமாக அடிக்குறிப்பு போட்டுக்கொண்டிருந்தபோது அவள் எங்கே இருந்தாள். சமையலறையில். நாலடிச் சமையலறையில், துணிமெஷினின் மேல் சாய்ந்து, ஃபோனைப் பார்த்துக்கொண்டு. வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சு. "லிண்டாவுக்குத் தூக்கமே கெடையாது, ஜின் மாதிரி முழிச்சிக்கிட்டே இருப்பா" என்று உம்மா சொல்லும். நஸ்ரின் சிரிக்கும். நானும் சிரிப்பேன். லிண்டாவும் சிரிப்பாள்.

ஃபோனை. ஃபோனைப் பார்த்துக்கொண்டு. இரு, அவசரப்படாதே, ஆனால் மனம் ஓடிவிட்டது, இழுத்துப் பிடிக்க முடியவில்லை. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் செயலாளர் என்று ஒரு ஆள் உண்டு, பெயர் போடாமல் வெறும் செயலாளர், படத்தில் ஒரு செம்பருத்தி. கைதூக்குகிற யோசனையை நான் போட்டபோது அந்தச் செம்பருத்தி எழுதியது, 'வேண்டாம். யாராவது ஒருத்திக்கு வேலை போகலாம்.' எனக்கு வந்ததே கோபம். விட்டேனா, பத்தி பத்தியாக எழுதினேன். பெயர் இல்லாத வேதனைக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்றேன். பயத்தை மதித்து மதித்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம் என்றேன். வந்தோம், ஓம் போட்டேன், எந்தக் கூச்சமும் இல்லாமல் அவர்களோடு என்னையும் சேர்த்துப் போட்டேன். மௌனமும் ஒரு வகையில் உடந்தைதான் என்று வேறு எழுதினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் எழுதுகிறார் எழுதுகிறார் என்று காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்தது ஒரே சொல், 'சரி.' நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து போய் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் குடித்தேன், சமையலறை வாசலில் நின்றுதான் குடித்தேன், அவள் ஃபோனைக் குப்புற வைத்துவிட்டு "பசிக்குதா, ரொட்டி சுடட்டா?" என்று கேட்டாள். ரொட்டி சுடட்டா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்து இன்னும் ஒரு மணி நேரம் எழுதினேன். அந்தச் செம்பருத்திக்கு, அவளுக்கு, நான் யார் என்று தெரியும், என் பெயர் முஹ்ஸினா என்று குழுவில் முழுசாக இருக்கிறது. பத்தடித் தூரம். இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்கவே உடம்பு கூசுகிறது, போன வருஷம் ஒரு நாள் அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் அவளுக்கு அவளுடைய உரிமைகளை விளக்கினேன். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை, இருபத்து நாலு மணி நேரம், உனக்குத் தெரியுமா லிண்டா, சங்கமெல்லாம் இருக்கிறது, நீ போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் வாப்பாவின் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு, "அப்படியா முஹ்ஸி" என்றாள். சங்கத்தில் பெர்லித்தாவை முதல் நாளே வாய் நிறைய ஆத்தே என்றேன். நாற்பத்தாறு வயது எர்லிண்டாவை நான் பன்னிரண்டு வயதிலிருந்து லிண்டா, வா, போ. அப்போது மூன்று வயதான நஸ்ரினும் லிண்டா என்றுதான் பேசப் பழகியது.

கல்லுக்கு அடியில் சீட்டு இருக்கிறது. எடுக்காமலே தெரியும் அதில் என்ன இருக்கும் என்று. வீட்டில் இங்கிலீஷ் ஃபார்ம் எல்லாம் நான்தான் நிரப்புவேன், பதினாறு வயதிலிருந்து. ஒப்பந்தத்தின் பின்னால் ஒரு தாள், தங்குமிடம், தனி அறையா, தடுப்பா, எத்தனை சதுர அடி. வாப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தனி ரூம்னே போடும்மா. ஒரு அம்பதுன்னு போடு, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றது. போட்டேன். பதினாறில் போட்டேன், பதினெட்டில் போட்டேன், இருபதில், அப்போது எனக்கு எல்லாம் தெரியும், அந்தத் தாளைப் பற்றியே வகுப்பில் பேசியிருக்கிறேன், இருபதிலும் போட்டேன், பழைய தாளைப் பார்த்து நகல் எடுக்கிற மாதிரி, கை போட்டது. பொய் எழுதிக்கொடுத்தால் குற்றம் என்று அதே தாளில் அச்சடித்திருக்கிறது. சீட்டைப் பிரித்தேன். 'தனி அறை, 50 சதுர அடி.' அவளுடைய உருண்டை எழுத்து. ஐந்தை மட்டும் நான் போடுகிற மாதிரியே, மேல் கோட்டைத் தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறாள். இல்லை, அது என் பிரமையாக இருக்கும். இருக்க வேண்டும்.

"உன்னை அந்தப் பக்கம்தானே போட்டேன்?" என்று பின்னால் கேட்டது. தமிழில். எங்கள் உம்மாவின் தமிழில், அதே இழுப்போடு. எர்லிண்டா நிற்கிறாள். சங்கத்தின் சிவப்பு பனியன், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் டப்பாவில் சேமியா மாதிரி ஏதோ. வீட்டில் பார்க்கிற லிண்டாவைவிட இவள் உயரமாக இருந்தாள், எப்படி, குனியாமல் நின்றாள், அவ்வளவுதான். "வெயிலா இருந்துச்சு, மாத்திக்கிட்டேன்" என்றேன். பத்து வருஷத்துக்கும் சேர்த்து என் வாயிலிருந்து வந்த முதல் விளக்கம் இது. அவள் சூள் கொட்டினாள், நான் பால் கொட்டினால் கொட்டுகிற அதே சூள். "கமிட்டில உள்ளவங்க முதல்ல வரையணும்னு நானே சொல்லிட்டேன். அப்புறம் நான் வரையாம எப்படி? நீ இந்தப் பக்கம் வரமாட்டேன்னு நெனச்சேன்." "ஏன் எங்கிட்ட சொல்லலே?" "எதை?" நான் வட்டங்களைக் காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் அவற்றைப் பார்த்தாள், ஒரு வட்டம் நன்றாக வரவில்லை என்பது போல. "உம்மா மொத வருஷமே சொன்னாங்க, படிக்கிற புள்ளைகிட்ட விளக்கை அணைன்னு சொல்லக்கூடாதுன்னு." அப்புறம் சிரித்துவிட்டாள். "அதுவும் எங்களைப் பத்தித்தானே எழுதறே. நிறுத்துன்னு எப்படிச் சொல்றது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதற்குள் எனக்குள் இருந்த பேச்சாளி எழுந்துவிட்டாள், அவளை என்னால் அடக்கவே முடிவதில்லை. "நான் மைக்கில சொல்லப்போறேன். இது எங்க வீடுன்னு சொல்லப்போறேன். ஃபார்ம்ல எழுதுனது நான்தான்னு சொல்லப்போறேன்." எர்லிண்டா டப்பாவை என் கையில் திணித்தாள். "சாப்பிடு மொதல்ல. காலைல வெறும் டீ குடிச்சிட்டு வந்தே." "லிண்டா, நான் சீரியஸாச் சொல்றேன்." "நானும்தான். சொல்லிட்டு நீ வீட்டுக்குப் போவே. வாப்பாவை இமிக்ரேஷன் ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. என்னை யாரும் கேக்கமாட்டாங்க, பதினாலு நாள்னு சொல்லுவாங்க. செவ்வாக்கிழமை புதுக் காண்ட்ராக்ட் கையெழுத்து, மறந்துட்டியா? என் மவன் வீடு பாதி சுவரோட நிக்குது." மறக்கவில்லை. ஃபார்ம் என் மேசை மேல்தான் இருக்கிறது. நான்காவது தடவை. "அப்ப நீ கையைத் தூக்கமாட்டியே?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். எப்படி அது என் வாயிலிருந்து வந்தது, யார் கேட்டது அதை. அவள் என்னைப் பார்த்தாள். சமையலறையிலிருந்து ஹாலைப் பார்க்கிற பார்வை என்று இப்போதுதான் எனக்குப் பட்டது, எத்தனை நாள் என் முதுகை இப்படிப் பார்த்திருப்பாள். "இன்னும் முடிவு பண்ணலே" என்றாள். "நீதான் அவ்வளவு எழுதினியே. நான் எல்லாத்தையும் படிச்சேன். சிலது சரிதான்." சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

இரண்டு மணி. மைக் கையில் சூடாக இருக்கிறது. முந்நூறு பேராவது இருப்பார்கள், முன்வரிசையில் கேமராக்கள், பத்திரிகைக்காரர்கள் மூன்று பேர், தொலைக்காட்சி ஒன்று. முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்து மூன்று வரை நான் வாசிக்க வேண்டும். கூட்டம் தானாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டது, ஒப்பந்தத்தில் எழுதியதை வாசித்ததும் எல்லோரும் சேர்ந்து "மாளிகை!" என்று கத்துகிறார்கள், கைதட்டுகிறார்கள், யாராவது ஒருத்தி "நீச்சல்குளம் எந்தப் பக்கம், மேடம்?" என்கிறாள், அப்புறம் தரையில் அளந்ததை வாசித்ததும் சிரிப்பு சட்டென்று நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் நிற்கிறது, பழகவே இல்லை. முப்பத்தெட்டு, குளியல் தொட்டியின் மேல் பலகை. ஒருத்தி கையைத் தூக்கினாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கேமராக்கள் அவள் பக்கம் பாய்ந்தன, கூட்டம் ஓவென்றது, நான் மேடையிலிருந்து கைதட்டினேன், நல்ல சத்தமாக. முப்பத்தொன்பது, யாருமில்லை. நாற்பது, யாருமில்லை. நாற்பத்தொன்று என்றேன். என் குரல் எப்போதும் போலவே இருக்கிறது, அது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஒப்பந்தத்தில், தனி அறை, ஐம்பது சதுர அடி. "மாளிகை!" என்று முந்நூறு பேர். "லிஃப்ட் உண்டா உள்ளே?" என்று ஒரு கிழட்டுக் குரல். எர்லிண்டா இடப்பக்கம், விளக்குக் கம்பத்துக்கு அருகில் நிற்கிறாள், அவளும் சிரிக்கிறாள், வாயைத் திறந்து, மற்றவர்களோடு சேர்ந்து கத்திச் சிரிக்கிறாள், நான் எழுதியதைக் கேட்டுச் சிரிக்கிறாள். தரையில், ஐந்தடி நாலங்குலம், இரண்டடி இரண்டங்குலம், பன்னிரண்டு சதுர அடிகூட இல்லை, ஹாலில், சுவரோரம், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. இதையெல்லாம் நான் வாசித்தேன். சிரிப்பு நின்றது. "யாருடையது?" என்றாள் ஆத்தே பெர்லித்தா.

ஒரு கேமரா மெதுவாகக் கூட்டத்தின் மேல் திரும்புகிறது. நான் எர்லிண்டாவைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள். இப்போது சொல்லலாம். மைக் என் கையில்தான் இருக்கிறது, என்னுடையது என்று ஒரு சொல், அவளைக் காட்டிக்கொடுக்காமலும் சொல்ல வழி இருக்குமே, யோசி, நீதான் பெரிய வாயாடியாயிற்றே, யோசி. யோசனை வரவில்லை. வந்தது வேறு. வாப்பா செவ்வாய்க்கிழமைக்கு எடுத்துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு அலுவலகத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பது வந்தது. இது யார் கையெழுத்து என்று அவர்கள் கேட்பது, வாப்பா என் பெயரைச் சொல்லாமல் இருப்பது வந்தது. என் பட்டம் வந்தது. எர்லிண்டாவின் வலது கை மேலே போகிறது. தோள் வரை, காது வரை, அல்லாஹ், வேண்டாம், யா அல்லாஹ், அவள் தூக்கக்கூடாது, தூக்கிவிடாதே, தூக்கிவிடாதே லிண்டா, நான் துஆ கேட்கிறேன், உண்மையாகவே கேட்கிறேன், பரீட்சைக்குக்கூட இப்படிக் கேட்டதில்லை, உதடு அசைகிறது, மைக்கில் கேட்டிருக்குமோ. கை நெற்றிக்கு மேலே போய், விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது. முகத்தில் ஒன்றுமில்லை. பெர்லித்தா ஐந்து வரை எண்ணுகிற அளவு காத்திருந்தாள். யாரும் கையைத் தூக்கவில்லை. என் உடம்பு முழுக்க ஏதோ இளகி இறங்குகிறது, மூச்சு வருகிறது, வெயில் இதமாக இருக்கிறது, இது என்ன, இது என்ன உணர்ச்சி என்று தேடுகிறேன், குற்றவுணர்வாக இருக்கும், அவமானமாக இருக்கும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன், இல்லை, நிம்மதி. வெறும் நிம்மதி. எனக்கு நன்றாக இருந்தது. எர்லிண்டா அதைப் பார்த்துவிட்டாள். அந்தத் தூரத்திலிருந்து, அத்தனை தலைகளுக்கு நடுவில், என் முகத்தில் அது வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, தலையை லேசாக ஆட்டினாள், சரி என்பது போல. "அடுத்தது" என்றாள் பெர்லித்தா. நான் நாற்பத்திரண்டை வாசித்தேன். குரல் கணீரென்று வந்தது.